பதிமூணாவது விலா

எனக்கு ஒரு இடத்துல உட்காரத் தெரியாது. இந்த ரெண்டு வரியை எழுதுறதுக்குள்ள ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்துட்டேன். தாகம் ஒண்ணும் இல்ல. அந்தத் திங்கட்கிழமைக் காலையை நெனைச்சாலே கால் தானா ஆட ஆரம்பிச்சிருது, அவ்வளவுதான்.

பதுளை டவுன்ல ஒரு தனியார் லேப்புல எக்ஸ்ரே எடுக்கிறது என் வேலை. லேப்போட பேர் வேணாம், முதலாளிக்கு என்மேல இன்னும் முழுசா மனசு ஆறல. இருபது வருசமா மனுச எலும்பைப் பார்த்துப் பார்த்து, ஒருத்தர் நடக்கிற நடையை வச்சே எந்த மூட்டு தேஞ்சிருக்குன்னு சொல்லிருவேன்னு எனக்கு ஒரு நெனப்பு. பசார்ல யாராவது நொண்டிக்கிட்டுப் போனா, கூட வர்றவங்ககிட்ட "வலது முழங்கால்"னு சொல்லுவேன். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அப்பேர்ப்பட்ட நான் ஒரு நாயோட முதுகெலும்பைப் படம் எடுத்த கதைதான் இது. சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க.

ஒரு சனிக்கிழமை காலையில எங்க அக்கா லேப் வாசல்ல வந்து நின்னா. அவ மடுல்சீமைத் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுக்கிறா. சும்மா டவுனுக்கு வர்ற ஆளே கிடையாது. தீபாவளிக்குத் துணி எடுக்க வருவா, ஆஸ்பத்திரின்னா வருவா. அன்னைக்கு நெஞ்சோட ஒரு சாக்கை அணைச்சு வச்சிருந்தா, அதுக்குள்ளேயிருந்து ஒரு நாய்த்தலை எட்டிப் பார்த்துச்சு. மொத பஸ்ஸுல கண்டக்டர் பசறையிலயே இறக்கி விட்டுட்டானாம். ரெண்டாவது பஸ்ஸுல சாக்கு வாயை முந்தானையால மூடி, பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லி வந்து சேர்ந்துட்டா. வாசல்ல ஆளுங்க ரத்தம் குடுக்க வரிசையில நிக்கிறாங்க, இவ நாயோட நிக்கிறா. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. என்ன ஏதுன்னு கேக்காம மொதல்ல பின்பக்கம் வரச் சொல்லி எரிஞ்சு விழுந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் நாய் லயத்து வரிசை வீட்டுப் படியிலேருந்து குதிச்சுச்சாம். ஒரே ஒரு கத்து. அப்புறம் பின்னங்கால் ரெண்டும் செத்துப்போச்சு. முன்னங்காலால உடம்பை இழுத்துக்கிட்டே கோழியை விரட்டப் பார்த்துச்சாம். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி முதுகுல ரெண்டு இழுப்பு இழுத்தா எந்திரிச்சிரும்னு கெளம்பி வந்திருக்கார். எங்க பக்கத்துல மாட்டுக்கும் நாய்க்கும் அதுதான் மொத வைத்தியம். அக்கா வெளக்கமாத்தைத் தூக்கிக்கிட்டு அவரை விரட்டிட்டா.

அந்த நாயைப் பத்திச் சொல்லணும். தோட்டத்துத் துரை பங்களாவுல கட்டைக் காலும் நீள முதுகுமா ஒரு சாதி நாய் இருந்துச்சு. அது ஒரு நாள் கேட் தாண்டி லயத்துப் பக்கம் வந்துட்டுப் போனதோட பலன்தான் இது. நெறம் லயத்து நெறம், குரல் லயத்துக் குரல், முதுகு மட்டும் பங்களா முதுகு. அந்த நீள முதுகோடதான் இந்த வியாதியும் வருதுன்னு பின்னாடி தெரிஞ்சப்ப, நல்லது எதையும் இறக்கி விடாத பங்களா இதை மட்டும் இறக்கி விட்டுச்சேன்னு அக்கா வயிறெரிஞ்சா.

நாய் அக்காவோடது இல்ல, அக்கா மகளோடது. அவ குவைத்துல வீட்டு வேலைக்குப் போய் ரெண்டு வருசமாகப் போகுது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீடியோவுல வருவா. வந்ததும் அம்மா சாப்பிட்டியான்னு கேக்க மாட்டா, நாயைக் காட்டுன்னுதான் கேப்பா. அங்க அவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது, வெளிய போகவும் விடமாட்டாங்க. போறப்ப அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் வாக்கு வாங்கிட்டுப் போனா, திரும்பி வர்ற அன்னைக்கு நாய் வாசல்ல நிக்கணும்னு. அவ வர்றதுக்கு இன்னும் மூணு மாசம். முந்தின ராத்திரி பேசினப்ப நாய் ஊர் சுத்தப் போயிருக்குன்னு அக்கா பொய் சொல்லியிருக்கா. "பெத்த பிள்ளைகிட்ட நான் பொய் சொன்னதே இல்லடா தம்பி"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. எனக்கு அவ அழுதா என்ன செய்றதுன்னு தெரியாது, கோபந்தான் வரும். வா டாக்டர்கிட்டப் போவோம்னு அதட்டினேன்.

டவுன்ல ஒரு சின்ன மிருக வைத்தியசாலை இருக்கு. டாக்டர் ஒரு சிங்களப் பொம்பளப் பிள்ளை, படிச்சு முடிச்சு வந்து ரொம்ப நாளாகல. தமிழ் தட்டித் தடவிப் பேசும். அது நாயோட பின்னங்கால் விரலை ஒரு இடுக்கியால நல்லா அழுத்திப் பிடிச்சுது. நாய் சடார்னு திரும்பி வள்ளுன்னு விழுந்துச்சு. உடனே டாக்டர் முகத்துல ஒரு சிரிப்பு. நாய்க்கு வலிக்குது, இந்தப் பிள்ளை சிரிக்குதேன்னு எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் வெளக்கிச் சொல்லுச்சு. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கு. அது பிதுங்கி உள்ள போற நரம்பை நசுக்குது. ஆழத்துல வலி தெரியுற வரைக்கும் நரம்பு உசுரோட இருக்குன்னு அர்த்தம். அந்த வலியும் போயிருச்சுன்னா கடவுளே வந்தாலும் கஷ்டம். கண்டிப் பக்கத்துல முதுகு ஆபரேசன் செய்ற டாக்டர் ஒருத்தர் இருக்கார், திங்கட்கிழமை காலையில செய்வார், ஆனா அவங்க எக்ஸ்ரே மெஷின் பழுதாகிக் கிடக்கு. எந்த இடத்துல நசுங்கியிருக்குன்னு காட்டுற படம் இங்கேயிருந்து போகணும். பதுளையில மிருகத்துக்குப் படம் எடுக்கிற இடம் தனக்குத் தெரிஞ்சு இல்லன்னு கையை விரிச்சுது.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வைக்கு அப்புறம் நான் யோசிச்சுப் பேசினேன்னு சொன்னா அது பொய். நான் எடுக்கிறேன்னு சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை லேப் பூட்டு. சாவி என்கிட்ட ஒண்ணு இருக்கும். முதலாளிகிட்டச் சொல்லல. சொன்னா, மனுசன் படுக்கிற மேசையில நாயான்னு கேப்பார். டாக்டர் பிள்ளை மயக்க ஊசியோட வந்துச்சு. கம்ப்யூட்டர் நோயாளி பேரைக் கேட்டுச்சு, டெஸ்ட்னு அடிச்சேன். எந்த உறுப்புன்னு கேட்டுச்சு, குழந்தை முதுகெலும்புன்னு ஒரு கட்டம் இருக்கு, அதைத் தட்டினேன். டாக்டர் ஒரு ஈயக் கவுனைப் போட்டுக்கிச்சு, அக்காவுக்கு நான் ஒண்ணு மாட்டி விட்டேன். அது அவளுக்குக் கணுக்கால் வரைக்கும் தொங்கிச்சு. நாயை மல்லாக்கப் போட்டு அவ முன்னங்காலைப் பிடிச்சா, டாக்டர் பின்னங்காலைப் பிடிச்சுது. நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி போய், பழக்க தோசத்துல சத்தமா, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க"ன்னு சொன்னேன். ரெண்டு நாளைக்கு அப்புறம் அக்கா அப்பத்தான் சிரிச்சா.

மொதல்ல பெரிசா ஒரு படம், நெஞ்சுலேருந்து இடுப்பு வரைக்கும். அப்புறம் பக்கவாட்டுல. நாயைச் சும்மா சரிச்சுப் போட்டா முதுகு நடுவுல தொய்ஞ்சு போகும், தொய்ஞ்சா எல்லா இடைவெளியும் பொய் சொல்லும். துவாலையை மடிச்சு இடுப்புக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா அண்டை குடுத்து, முதுகு மேசைக்கு நேர்கோட்டுல வர்ற வரைக்கும் விடல. நாலு தடவை மாத்தி மாத்தி வச்சேன். இதுலயெல்லாம் என்னைக் குறை சொல்ல முடியாது, நானே சொல்லிக்கிறேன்.

படம் திரையில வந்ததும் டாக்டர் பிள்ளை பேனாவால காட்டுச்சு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல நரம்பு வெளிய வர்ற ஓட்டை ஒண்ணொண்ணும் குதிரைத் தலை மாதிரி இருக்கும், வரிசையா பார்த்துக்கிட்டே வாங்கன்னுச்சு. பார்த்தேன். அட, ஆமா! காது, நெத்தி, மூஞ்சி எல்லாம் இருக்கு. எங்களுக்குப் படிக்கிறப்ப வேற சொல்லிக் குடுத்தாங்க. மனுசன் இடுப்பைச் சாய்வா எடுத்தா ஒவ்வொரு கண்ணியும் ஒரு குட்டி நாய் மாதிரி தெரியும், அந்த நாய்க் கழுத்துல பட்டி கட்டின மாதிரி கோடு விழுந்தா அங்க உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். மனுசன் முதுகுல நாய், நாய் முதுகுல குதிரை. அப்ப குதிரை முதுகுல என்ன தெரியும்னு கேட்டேன். குதிரை முதுகை ஊடுருவ உங்க மெஷினுக்குப் பலம் பத்தாதுன்னு சிரிச்சுது. வரிசையா எல்லாக் குதிரையும் தெளிவா இருந்துச்சு. ஒண்ணு மட்டும் சிறுத்து, புகை மூடின மாதிரி. அந்த இடத்துல இடைவெளியும் ஒடுங்கிப் போயிருந்துச்சு. இதுதான்னு தொட்டுக் காட்டிட்டு, ஹாலிஎலயில ஒரு மாடு கன்னு போட முடியாமக் கிடக்குன்னு போன் வந்து டாக்டர் கெளம்பிருச்சு. போறப்ப, எத்தனையாவது கண்ணின்னு கவனமா எண்ணி நம்பர் போட்டு அனுப்புங்கன்னு சொல்லுச்சு. யார்கிட்ட? என்கிட்ட. நான் தெனம் எண்ணுறவன், அது எனக்குச் சொல்லித் தர வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்.

எண்ணினேன். கடைசி விலா எலும்பு ஒட்டியிருக்கிற கண்ணி பன்னெண்டு. அதுல என்ன சந்தேகம்? ஆதாம் காலத்துலேருந்து பன்னெண்டுதான். ஒடுங்கின இடம் அந்தக் கண்ணிக்கும் அதுக்கு முந்தினதுக்கும் இடையில, அப்ப பதினொண்ணுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல. படத்துலேயே நம்பர் அடிச்சேன், செவப்புல வட்டம் போட்டேன். அழகா இருக்கணும்னு, சுத்தியிருக்கிற எல்லாத்தையும் வெட்டி, அந்த ரெண்டு கண்ணியும் ஒடுங்கின இடமும் மட்டும் பெருசாத் தெரியுற மாதிரி கண்டி டாக்டருக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினேன். அவர் முழுப் படமும் அனுப்ப முடியுமான்னு கேட்டார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? இதுவே போதும் டாக்டர், நம்பர் சரியா போட்டிருக்குன்னு எழுதினேன். கொழுப்பு, வேற என்ன.

மத்தியானம் பசார்ல அரிசிக் கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானாவோட லொறி கண்டிக்குப் போச்சு. நானா நல்ல மனுசன், நாயைப் பார்த்ததும் முன் சீட்டையே ஒதுக்கிக் குடுத்தார். ஒரு பலகையில நாயைப் படுக்க வச்சு, அக்கா தன் பழைய சேலையைக் கிழிச்சுக் கட்டி மடியில வச்சுக்கிட்டா. எனக்கு மறுநாள் வேலை, போக முடியல. லொறி முக்குல திரும்புற வரைக்கும் நின்னு கையைக் காட்டினேன். பெரிய காரியம் பண்ணிட்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்து இருந்துச்சு.

திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கெல்லாம் லேப்புல கூட்டம். ஒன்பது மணிக்கு நாய்க்கு ஆபரேசன். எனக்கு இருப்புக் கொள்ளல. யார்கிட்டயாவது பீத்திக்கணும். ரத்தம் எடுக்கிற பிள்ளை ஒண்ணு இருக்கு, ஹாலிஎலயிலேருந்து ட்ரெயின்ல வர்றது, அதைக் கூப்பிட்டேன். முதலாளி காதுல போட்டுராதேன்னு சத்தியம் வாங்கிட்டு, போன்ல வச்சிருந்த மொத படத்தைக் காட்டினேன், மல்லாக்கப் போட்டு எடுத்த பெரிய படம். பாரு, நாய் மூச்சைப் பிடிக்காது, ஆனாலும் விலா எலும்பு ஒண்ணொண்ணும் எப்படி நிக்குதுன்னு சொல்லி, மேலேருந்து விரலால தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினேன். பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு முடிச்சேன். அந்தப் பிள்ளை, அண்ணே இன்னொண்ணு இருக்கேன்னுச்சு.

இல்லன்னேன். இருக்குன்னுச்சு. நீ ஊசி குத்துறதோட நில்லுன்னு சொல்லிட்டு மறுபடி எண்ணினேன். பதிமூணு. மறுபக்கம் எண்ணினேன். பதிமூணு.

இங்கதான் நான் என்னையே செருப்பால அடிச்சுக்கணும். அந்த நிமிசமே கண்டிக்குப் போன் போட்டிருக்கலாம். போடல. மனுசருக்கும் சில பேருக்கு ஒரு விலா கூட இருக்கும், இந்த நாய்க்கும் அப்படித்தான், அதிசயப் பிறவின்னு அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுத்தேன். அது நம்பின மாதிரி தலையாட்டிட்டுப் போயிருச்சு. நான் நம்பல. நெஞ்சுப் படம் எடுக்க வந்த ஒரு பெரியவரைத் தட்டோட ஒட்டி நிக்க வச்சு, மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்லிட்டு, நான் வெளிய போய் போன்ல தேடினேன். நாய்க்கு எத்தனை விலான்னு. பதிமூணு சோடின்னு வந்துச்சு. வேற இடத்துல தேடினேன். அங்கேயும் பதிமூணு. மூணாவதா ஒண்ணுல தேடினேன், எவனாவது ஒருத்தன் பன்னெண்டுன்னு எழுதியிருக்க மாட்டானான்னு. உள்ள பெரியவர் இருமுற சத்தம் கேட்டுச்சு. பாவம், முடிஞ்ச வரைக்கும் பிடிச்சுப் பார்த்திருக்கார்.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். கடைசி விலாக் கண்ணி நாய்க்குப் பதிமூணுன்னா, ஒடுங்கின இடம் பன்னெண்டுக்கும் பதிமூணுக்கும் நடுவுல. நான் ஒரு படி தள்ளி நம்பர் போட்டிருக்கேன். அங்க டாக்டர் நாயோட கடைசி விலாவைக் கையால தடவி, அதைப் பதிமூணுன்னு வச்சு, அங்கேயிருந்து எண்ணி, நான் சொன்ன பதினொண்ணுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுலதான் திறப்பார். அங்க ஒண்ணும் இருக்காது. நல்லா இருக்கிற எலும்பைக் குடைஞ்சு வச்சுட்டு, நசுங்கின நரம்பு நசுங்கினபடியே கிடக்கும். முழுப் படம் கையில இருந்தா அவரே கண்டுபிடிச்சிருப்பார். அதைத்தான் நான் அழகு பார்த்து வெட்டிட்டேனே. முழுப் படமும் போன்லதான் இருந்துச்சு, அப்பவே அவருக்கு அனுப்பினேன். போன அடையாளம் ரெண்டு கோடு விழுந்துச்சு, நீலமா மாறல. அவர் பார்க்கல.

மணி எட்டு அம்பது. டாக்டருக்கு அடிச்சேன், அடிச்சு அடிச்சு நின்னு போச்சு. ஆஸ்பத்திரி நம்பருக்கு அடிச்சேன், பேசிக்கிட்டு இருக்காங்க. மறுபடி, பேசிக்கிட்டு இருக்காங்க. காலையில ஒன்பது மணிக்கு அப்படி என்னதான் பேசுவாங்களோ! படிக்கட்டுல இறங்கி ரோட்டுக்குப் போனேன், சிக்னல் நல்லா இருக்கும்னு. பஸ்காரன் ஹார்ன் அடிச்சான், மேல ஏறி வந்தேன். மறுபடி இறங்கினேன். மீதி இருந்தது அக்காதான். ஆபரேசன் ரூம் வாசல்லதான் உட்கார்ந்திருப்பா. அவளுக்குப் போன் போடணும்னு எனக்கு மொதலேயே தெரியும். போட்டா என்ன சொல்லணும்னும் தெரியும். அதனாலதான் மத்த ரெண்டு நம்பரையும் அத்தனை தடவை அடிச்சேன். இதை இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அடிச்சேன். எடுக்கல. ஆஸ்பத்திரியில மணி சத்தம் கேட்டா ஏசுவாங்கன்னு சத்தத்தை அடக்கி வச்சிருந்திருக்கா. நாலாவது தடவை எடுத்து, ரகசியமா, இப்பத்தான் உள்ள தூக்கிட்டுப் போனாங்கன்னா.

"அக்கா, நான் தப்பா எண்ணிட்டேன்."

அவளுக்குப் புரியல. நான் போட்ட நம்பர் தப்பு, டாக்டர் வேற இடத்துல வெட்டப் போறார், நிறுத்தணும்னு மூச்சு விடாமச் சொன்னேன். திட்டுவான்னு நெனைச்சேன். டாக்டர் பிள்ளை கவனமா எண்ணச் சொல்லுச்சேன்னு ஆரம்பிப்பான்னு நெனைச்சேன். அந்த நேரத்துல அவ திட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குக் கொஞ்சம் சுகமா இருந்திருக்கும்.

"சரியான நம்பரைச் சொல்லு"ன்னா.

பன்னெண்டுக்கும் பதிமூணுக்கும் நடுவுலன்னேன். ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தா. அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டுச்சு.

எங்க அக்காவை உங்களுக்குத் தெரியாது. காலையில வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுல கணக்குப்பிள்ளை அரை நாள் கூலியைக் குறைச்சு எழுதினாக்கூட வாயைத் திறக்க மாட்டா. டாக்டருன்னா, துரைன்னா, காக்கிச்சட்டைன்னா ரெண்டடி தள்ளி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. அவ அன்னைக்கு ஆபரேசன் ரூம் கதவை ரெண்டு கையாலயும் அடிச்சா. போன் அவ கையிலேயே இருந்ததால எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. கதவைத் திறங்கன்னு சிங்களத்துல, "தொர அரின்ன! தொர அரின்ன!"ன்னு. யாரோ ஒரு பொம்பள அதட்டினா. இவ நிறுத்தல. பன்னெண்டு பதிமூணு, பன்னெண்டு பதிமூணுன்னு அதையும் சிங்களத்துல சொல்லிக்கிட்டே அடிச்சா. நான் இங்க ரிசப்சன்ல நடுவுல நின்னுக்கிட்டு, விடாதக்கா, விடாதன்னு கத்திக்கிட்டு இருக்கேன். கூட்டம் மொத்தமும் என்னையே பார்க்குது. கூட்டத்துக்குப் பின்னாடி கார் சாவியைக் கையில வச்சுக்கிட்டு முதலாளி நிக்கிறார்.

கடைசியில டாக்டர் குரல் வந்துச்சு. கோபமா பேசுவார்னு பார்த்தா நிதானமா பேசினார். நான் என் நம்பர் தப்புன்னேன். நாயைத் தப்பா மனுசக் கணக்குல எண்ணிட்டேன்னேன். முதலாளி முன்னாடி, அத்தனை பேர் முன்னாடி. முடியைச் சிரைச்சு, பேனாவால கோடு போட்டாச்சு, இன்னும் கத்தி வைக்கலன்னார். அந்த உயரத்துல இந்த வியாதி வர்றது குறைவாச்சேன்னு தனக்கும் ஒரு உறுத்தல் இருந்துச்சாம், ஆனா நம்பர் சரின்னு நான் அவ்வளவு உறுதியா எழுதியிருந்ததால விட்டுட்டாராம். தன் போனைப் பார்த்து, முழுப் படம் வந்திருக்கு, எண்ணிக்கிறேன்னார். அவரே முன்னாலேருந்து ஒரு தடவை, பின்னாலேருந்து ஒரு தடவை எண்ணினது எனக்குக் கேட்டுச்சு. அப்புறம், நாய்க்குப் பதிமூணு, குதிரைக்குப் பதினெட்டு, மறக்காதீங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டார்.

முதலாளி என்ன சொன்னார்னு இங்க எழுதினா அச்சுல ஏத்த முடியாது. மேசையை மூணு தடவை டெட்டோல் போட்டுக் கழுவ வச்சார். சாவியைப் பிடுங்கிக்கிட்டார். இன்னொரு தடவைன்னா வீட்டுலேயே இருந்துக்கோன்னார். நான் ஒரு வார்த்தை பேசல. அவருக்கே அது ஆச்சரியமா இருந்திருக்கும், இடையில ரெண்டு தடவை நிறுத்தி என் மூஞ்சியைப் பார்த்தார். எனக்குக் காதுல ஒண்ணும் ஏறல. மத்தியானம் பன்னெண்டரைக்கு அக்கா போன் பண்ணி, சரியான இடத்துலயே இருந்துச்சாம், வெள்ளையா பற்பசை மாதிரி எடுத்தாங்களாம்னு சொன்ன வரைக்கும் நான் எத்தனை பேருக்குப் படம் எடுத்தேன், யாருக்கு எடுத்தேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. அதுக்கப்புறம் கக்கூசுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

நாய் உடனே நடந்துரல. நாலாம் நாள் அக்கா அதே லொறியில கூட்டிக்கிட்டு வந்தா. மூணு வாரம் ஒண்ணுமில்ல. அக்கா வேலைக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவை, வந்து ஒரு தடவை, வயித்துக்குக் கீழ துவாலையைக் குடுத்துத் தூக்கிப் பிடிச்சு, லயத்து முன்னாடி நடத்தினா. பின்னங்கால் ரெண்டும் தரையில கெடந்து இழுபட்டுச்சு. பக்கத்துக் காம்பராக்காரர், அன்னைக்கே சூடு வச்சிருந்தா இந்நேரம் ஓடியிருக்கும்னு வாசல்ல நின்னு சொல்லுவாராம். குவைத்துக்காரிக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சாக்கு. தூங்குது, குளிக்குது, ஊர் சுத்துது. நான் தெனமும் போன் பண்ணினேன். என்னத்தக் கேப்பேன்? வால் ஆடுதான்னு கேப்பேன். இல்லம்பா. வச்சிருவேன். நாலாவது வாரம் ஒரு நாள் அவளே கூப்பிட்டு, சோத்துச் சட்டியைப் பார்த்ததும் வால் ஆடிச்சுன்னா. அப்புறம் ஒரு கால் நின்னுச்சு. அப்புறம் இன்னொண்ணு.

ரெண்டு மாசம் போல கழிச்சு ஒரு பௌர்ணமிப் போயா லீவு வெள்ளிக்கிழமையில விழுந்துச்சு. நான் மடுல்சீமைக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டுல ஏறி வந்தா, நாய் வாசல்ல நிக்குது! குடிகாரன் மாதிரி பின்பக்கம் ஒரு பக்கமாச் சாயுது, திரும்புறப்ப இடுப்பு முன்னால வந்துருது, ஆனா நிக்குது. என்னைப் பார்த்துக் குரைச்சுச்சு. படம் எடுத்த நன்றி கொஞ்சமும் கிடையாது. முதுகுல தையல் போட்ட இடத்துல இன்னும் முடி சரியா மொளைக்கல, நீளமா ஒரு கோடு.

அக்கா பிளேன் டீ குடுத்தா. அந்தத் திங்கட்கிழமையைப் பத்தி அவ அதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. நானும் கிளறல. மத்தியானம் போன் வந்துச்சு, குவைத்துலேருந்து. அக்கா இந்தத் தடவை ஒண்ணும் சொல்லாம போனை நாய்க்கு நேராத் திருப்பினா. நாய் அந்தக் குரலைக் கேட்டதும் சாஞ்சு சாஞ்சு ஓடி வந்து திரையை நக்கிச்சு. அவ சிரிச்சா, அழுதா, அப்புறம் முதுகுல இருக்கிற கோட்டைப் பார்த்துட்டா. அது என்ன, ஏன் இப்படி நடக்குது, என்கிட்ட என்ன மறைச்சீங்கன்னு போட்டுக் குடைய ஆரம்பிச்சா.

நான் டீ கோப்பையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அக்கா எனக்காக ஒரு வார்த்தையை முழுங்கிருவான்னு ஒரு ஆசை இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அவ மறைக்கல. குதிச்சதுலேருந்து லொறி வரைக்கும் எல்லாத்தையும் சொன்னா. அப்புறம், நான் பக்கத்துலதான் இருக்கேன்னு பார்க்காம, ஊர்ச் செய்தி சொல்ற மாதிரியே சொன்னா.

"உன் மாமாதான் படம் எடுத்தான். எடுத்துட்டு நம்பரைத் தப்பா போட்டுட்டான். அப்புறம் அவனே போன் பண்ணி, நான் தப்பா எண்ணிட்டேன்னு சொன்னான். அதுலதான் தப்பிச்சுச்சு."

திரையில படம் அசையாம நின்னுச்சு. மலையில சிக்னல் போயிருச்சுன்னு நெனைச்சேன். போகல. திரையில அவ மூஞ்சி இருந்துச்சு, வாய் கொஞ்சம் திறந்தபடி.

"மாமாவா?"ன்னு கேட்டா. "மாமாவா அப்படிச் சொன்னாரு?"

"ஆமா"ன்னா அக்கா. "நானும் மொதல்ல வேற யாரோ பேசுறாங்கன்னுதான் நெனைச்சேன்."